டீச்சரம்மாவின் முதல் சத்தம்

ராஜபாளையத்தில் மைக்செட் தொழிலில் வெகு காலம் இருந்தேன். ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன நாளில் தொடங்கியது. இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காக இரண்டு சம்பவங்களை எழுதி வைக்கிறேன்.

1. சுருதிப் பெட்டி

எண்பதுகளின் நடுவில், ஒரு பாட்டு டீச்சர் வீட்டில் கரண்டில் ஓடும் சுருதிப் பெட்டி ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். ஸ்க்ரூடிரைவரோடு நேராக உள்ளே போனேன். டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் மிருதங்கம் வாசிப்பவர். அவர் வாசலிலேயே மறித்தார்.

“ஏலே, காலக் கழுவிட்டுப் போ.”

“பெட்டியத்தான கழத்தப் போறேன் அண்ணாச்சி. நான் என்ன பாடவா போறேன்?”

“நீ பாடுனா நாங்க தெருவ விட்டே போயிருவோம். கழுவுலே.”

உள்ளே பிள்ளைகள் பாடத்துக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் கால் கழுவி, தம்புராவைத் தொட்டுக் கும்பிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து ‘ஸா’ என்று எடுத்தார்கள். ஃபியூஸ்தான் போயிருந்தது, மாற்ற ஐந்து நிமிடம். அதைக் கேட்டபடி அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கச்சேரி நாளில் இன்னும் கடுமை. விழித்ததிலிருந்து மேடையில் முதல் சுரம் எடுக்கும் வரை டீச்சரம்மா வாய் திறக்க மாட்டார்கள். அன்றைய முதல் சத்தம் ஆண்டாளுக்கு. காப்பி வேண்டுமானாலும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார்கள்.

“அன்னைக்கு ஒரு நாள்தாம்லே எனக்கு ஏச்சு கெடையாது” என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

2. பாலிதீன் தாள்

சில வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சரம்மாவுக்கு ஒரு சாயங்காலக் கச்சேரி. பந்தலுக்கு லைன் இழுக்கையில் இன்சுலேஷன் டேப் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, ஒரு ஜாயிண்ட்டில் பாலிதீன் தாளைச் சுற்றி நூலால் கட்டினேன். அது முழுக்க என் தப்பு. மதியம் தூறல் விழுந்தது. காற்றில் அந்த வயர் சரிந்து மைக் ஸ்டாண்டின் மேல் கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

டீச்சரம்மா மடியில் சிலேட்டோடு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் வீட்டுக்காரர் மிருதங்கத்தோடு. மைக்கின் உயரத்தைக் குறைக்க, ஈரக் காலோடு போய்க் கையை நீட்டினேன்.

“ஏலே, தொடாத!”

கை அப்படியே நின்றது. பார்த்தால், ஸ்டாண்டின் அடியில் நீலமாக ஒரு பொறி மின்னிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் கத்தியது யார் என்று எனக்கு உறைத்தது. டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

காலில் விழுந்தேன். “என்னால போச்சே டீச்சரம்மா.”

அவர்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். “நான் பாடல. ஆண்டாளுக்குன்னு வச்சிருந்த மொதச் சத்தம் வேற எடத்துக்குப் போயிருச்சு. இனி எந்த மொகத்தோட பாடுவேன்?”

பந்தல் நிறைய ஜனம் காத்திருந்தது. வீட்டுக்காரர் மடியிலிருந்த மிருதங்கத்தை இறக்கவில்லை.

“ஏட்டி, நீ எந்த ஊர்ல உக்காந்திருக்க? தான் சூடிப் பாத்த மாலையத்தான அவ பெருமாளுக்குக் குடுத்தா? ஒரு உசுரக் காப்பாத்திட்டு வந்த கொரல வேண்டாம்னா சொல்லப்போறா?”

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிலேட்டை எடுத்து ஓரமாக வைத்தார்கள்.

டேப் வாங்கி வந்து ஜாயிண்ட்டைச் சுற்றி, ஸ்டாண்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, மெயினைப் போட்டேன். முதல் சுரம் கரகரத்து வந்தது. பிறகு தெளிந்தது. அன்றைக்கு வால்யூமில் கை வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆண்டாள் பந்தலுக்குள் வந்து நின்றாள் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பிள்ளைகளே, மேடை ஏறுமுன் காலைக் கழுவுங்கள், நன்றாகத் துடையுங்கள், ஸ்டாண்டில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மைக்கில் ‘ஹலோ’ சொல்லலாம்.

டீச்சரம்மா கடைசி வரை கச்சேரி நாளில் சிலேட்டை விடவில்லை. ஆனால் முதல் சுரத்துக்கு முன்னால் ஒரே ஒரு பேச்சு மட்டும் சேர்ந்துகொண்டது.

“தம்பி, டெஸ்டர் வச்சுப் பாத்தியா?”

“பாத்துட்டேன் டீச்சரம்மா.”

அதன் பிறகுதான் பாட்டு.