படம் போடாமல் சேர்ந்த காசு

கஜானிக்குப் பதினொரு வயதாயிருந்தபோது சுனாமியில் கடல் வாகரை ஊருக்குள் ஏறி வந்தது. ஓடிக்கொண்டிருந்தவள் மேல் ஒரு மதில் சரிந்து விழுந்தது. தகப்பனைக் கடல் கொண்டுபோயிற்று. அவள் பிழைத்தாள், ஆனால் ஆஸ்பத்திரியில் இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கடல்நீர் தேங்கும் களப்போரத்தில் கிடைத்த ஒரு சின்னக் கல்வீட்டில் தாயும் மகளும் மட்டும் என்றாகிவிட்டது.

கால் போனாலும் கையில் தொழில் வந்தது. கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பாள். மீன்பிடிக்கிற ஆட்கள் வலையைக் கொண்டுவந்து வேலியில் போட்டுவிட்டுப் போவார்கள். பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு காசோ மீனோ கொடுப்பார்கள். தாய் அன்னப்பூரணி விடியவே கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய் மத்தியானம் தாண்டித்தான் திரும்புவாள். இருவர் உழைப்பும் சோற்றுக்குச் சரியாகப் போயிற்று, மிச்சம் இல்லை.

யாருக்கும் தெரியாத ஒரு பாடு கஜானிக்கு இருந்தது. வீட்டுத் திட்டத்தில் கட்டிய கக்கூசு வளவின் மூலையில் இருந்தது. உயரமான படிகள், ஒடுங்கிய கதவு, குந்தி இருக்கிற பீங்கான். தாய்தான் முதுகில் சுமந்து போக வேண்டும். அதனால் தாய் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் கஜானி தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் எப்படிக் கொளுத்தினாலும் ஒரு மிடறுகூட இல்லை. அடிக்கடி காய்ச்சல் வந்தது, அடிவயிறு எரிந்தது. “தண்ணி நல்லாக் குடியுங்க தங்கச்சி” என்று டொக்டர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமைகளில் ஓட்டமாவடியிலிருந்து நஸீறா பஸ்ஸில் வருவாள். உடுதுணி விற்கிறவள். ஊர் சுற்றிக் களைத்ததும் கஜானி வீட்டு மாமர நிழலில் பொட்டணியை இறக்கிவைத்து, பிளாஸ்கில் இருக்கும் இஞ்சித் தேத்தண்ணியை மூடியில் ஊற்றி நீட்டுவாள். கஜானி எப்போதும் “வேணாம் ராத்தா” என்பாள். ஒருநாள் நஸீறாவுக்குப் பொறுக்கவில்லை.

“எங்கட வீட்டுத் தேத்தண்ணி உனக்கு ஆகாதா மகள்? அதச் சொல்லிட்டா நான் ஊத்த மாட்டன். ஒவ்வொரு முறையும் வேணாமெண்டா மனம் நோகுது.”

“ஐயோ ராத்தா, அப்பிடி இல்ல.”

“மறுகா என்ன?”

கஜானி வலைக்கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள். “குடிச்சா வெளிய போகணுமே ராத்தா. அம்மா வேலைக்குப் போயிட்டா. தூக்கிட்டுப் போக ஆள் இல்ல.”

நஸீறா எழுந்து வளவு மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“அந்தப் படியில ஏற எனக்கே மூச்சு வாங்குது. வீட்டோட ஒட்டினாப்போல ஒண்டு கட்டணும். சல்லி சேர்ப்பம் மகள்.”

“சேருங்க ராத்தா. ஆனா எண்ட படத்தப் போட வேணாம்.”

காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ சிலர் வந்து, மண்ணில் கையூன்றி நகரச் சொல்லி அவளைப் படம் எடுத்துப்போனார்கள். உதவி எதுவும் வரவில்லை. படம் மட்டும் ஊரெல்லாம் போன்களில் சுற்றியது.

கட்டாரில் வேலை செய்யும் மகன் இஷாமிடம் காசு சேர்க்க நஸீறா உதவி கேட்டாள். “படம் இல்லாட்டி ஆரும் தர மாட்டாங்க உம்மா” என்றான் அவன்.

“அப்ப நான் பேசுறன்” என்று அவளே போனை எடுத்துப் பேசிப் பதிவுசெய்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஓட்டமாவடியில உடுப்பு விக்கிற நஸீறா. வாகரைப் பக்கம் ஒரு புள்ள இரிக்கா. பேர் சொல்ல மாட்டன், படம் காட்ட மாட்டன். அவ தாகத்துக்குத் தண்ணி குடிக்கப் பயப்பிடுறா. ஏனெண்டு பொம்புளையளுக்கு விளங்கும். அவக்கு ஒரு கக்கூசு கட்டணும். என்னய நம்பினாத் தாங்க.”

முதலில் ஒன்றும் வரவில்லை. “நான் சொன்னன்தானே” என்றான் இஷாம். பிறகு குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஏறாவூர்ப் பெண் ஒருத்தி காசு அனுப்பினாள். கூடவே அனுப்பிய பதிவில், தான் போன புதிதில் வேலைக்கு நடுவே கக்கூசுக்கு எழுந்துபோக விடமாட்டார்கள் என்றும், அந்தப் பயம் தனக்கும் தெரியும் என்றும் அழுதழுது பேசியிருந்தாள். அந்தக் குரலும் ஊர் ஊராகப் போயிற்று. அதன்பின் பெண்கள் நிறுத்தவில்லை. நெசவு செய்கிறவர்கள், ஆசிரியைகள், பேர் சொல்லாதவர்கள் என்று பலரும் தந்தார்கள்.

சங்கதி கருவாட்டு வாடிக்கும் எட்டியது. ஒரு பின்னேரம் மீனவர் அருமைநாயகம் வீட்டுக்கு வந்து, முந்தின இரவு களப்பில் பிடிபட்ட இறால் முழுவதையும் எல்லாருமாக விற்ற காசை அன்னப்பூரணியின் கையில் வைத்தார்.

“என்ன அண்ணன் இது, உங்களுக்கும் புள்ள குட்டி இரிக்கே” என்றாள் அவள்.

“இந்தப் புள்ளைட கை படாத வலை எங்களிட்ட ஒண்டும் இல்ல அன்னம். வாங்கு.”

கஜானி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் தான் ஊருக்குப் பாரம் என்றே நினைத்திருந்தவள், முகத்தைச் சட்டைக்கையில் துடைத்தாள்.

ஓட்டமாவடி மேசன் றம்ஸீன் கூலி வேண்டாம் என்று வந்தார். கல்லுக்கு மேல் கல் அடுக்கி, அவளையே இருந்து பார்க்கச் சொல்லி இருக்கையின் உயரம் குறித்தார். கைபிடிக் கம்பி வாகாக இல்லை என்று அவள் தயங்கிச் சொன்னதும், முகம் சுளிக்காமல் கழற்றி மாற்றிப் பூட்டினார். மாரி வெள்ளம் ஏறாதபடி நிலத்தை உயர்த்தி, மிஞ்சிய சீமெந்தில் வாசலிலிருந்து ரோட்டுவரை ஒரு சரிவுப் பாதையும் போட்டார். எப்போதோ கிடைத்தும் மணலில் புதைந்து சும்மா கிடந்த சக்கரக் கதிரை அன்றுதான் உருண்டது.

வேலை முடிந்த அன்று அன்னப்பூரணி பால் காய்ச்சினாள். “கக்கூசுக்குப் பால் காய்ச்சின ஆக்கள் இந்த உலகத்திலயே நாமதான் கா” என்று நஸீறா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கஜானி இரண்டு கோப்பை குடித்தாள். நஸீறாவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முகம் தெரியாத அத்தனை பேரும் தன் முகத்தைப் பார்க்கக் கேட்காமலே தந்தார்களே என்பதுதான் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் அன்னப்பூரணி செங்கலடியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனாள். கடல் ஏறி வந்த பிறகு அவள் ஓர் இரவும் வெளியில் தங்கியதில்லை. பொழுதுபடப் போன் வந்தது.

“மகள், தம்பி நிண்டுட்டுப் போகச் சொல்றான். நான் என்ன செய்ய, வரட்டா?”

“நில்லுங்கம்மா. எனக்கு ஒரு குறையும் இல்ல.”

“அப்ப, ரெண்டு நாள் நிண்டு நாளையிண்டைக்கு வரட்டா?”

“அவசரப்படாம ஆறுதலா வாங்க” என்றாள் கஜானி, சிரித்துக்கொண்டே.