ஐப்பசியில் நான் விற்ற ஒரு வாரம்

பலூன்

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை பலூன் ஊதுவது. நாற்பது பலூன். பி.காம். படித்துவிட்டு, பத்து வருடம் உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவிட்டு, முப்பத்தெட்டு வயதில் பலூன் ஊதுகிறோமே என்று நொந்துகொண்டேன். மத்தியானம்தான் அது எதற்கென்று புரிந்தது. ஹாலில் இருபது மேஜை. எந்த மேஜையில் கையெழுத்து விழுகிறதோ, அந்த மேஜைப் பலூனை ஊசியால் குத்துவார்கள். படாரென்று சத்தம் வந்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும். மற்ற மேஜைக்காரர்களுக்கு, நாம் மட்டும்தான் பின்தங்கிவிட்டோமோ என்று தோன்றும். அதற்குத்தான் பலூன்.

கம்பெனி பெயர் வேண்டாம். நெடுஞ்சாலை ஓரம் ஒரு தீம் பார்க், அதன் சுற்றுச்சுவரை ஒட்டி அறுபது காட்டேஜ். அதை வாரக் கணக்கில் விற்றார்கள். வருடத்தில் ஒரு வாரம் உங்களுடையது, இருபத்தைந்து வருடத்துக்கு. டைம்ஷேர் என்றால் இவ்வளவுதான். நிலம் கிடையாது, வீடு கிடையாது, தங்கும் உரிமை மட்டும்.

பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை வாசல்களில் கூப்பன் டப்பா வைப்போம். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் பரிசு விழும். ஒருத்தருக்குக்கூட விழாமல் போனதில்லை. பார்க் டிக்கெட் இரண்டு, மத்தியானச் சாப்பாடு, ஒரு ஹாட்பாக்ஸ். ஆனால் கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கொடுப்போம். தனியாக வருகிறவர், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விடுவார். அந்தக் கதவை அடைக்கத்தான் அந்த விதி.

மேனேஜர் பிரேம் சார் மெட்ராஸ்காரர். ஹாட்பாக்ஸுக்காக வருகிறவர்கள் எப்படி சார் லட்சக்கணக்கில் வாங்குவார்கள் என்று கேட்டேன்.

"ஓசில குடுத்தா பினாயிலையும் குடிப்பான்னு சொல்றாங்கல்ல மேடம்? குடிக்க வர்றவன் மூணு மணி நேரம் உக்காருவான். அது போதும் நமக்கு" என்றார்.

என் மேஜை

ஆறு மாதத்தில் எனக்குத் தனி மேஜை கொடுத்தார்கள். காரணம் என் அழகோ ஆங்கிலமோ இல்லை. வாலாஜாபாத், செய்யூர், உத்திரமேரூர் பக்கத்திலிருந்து நிலம் நீச்சு உள்ள குடும்பங்கள் வர ஆரம்பித்திருந்தன. மற்ற மேஜைகளில் 'வெகேஷன் லைஃப்ஸ்டைல்' என்று பேசினால் அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான், "வாங்கணா, எந்த ஊரு, ஏரி ரொம்பிச்சா?" என்று ஆரம்பிப்பேன். உடனே காலை மடக்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் திருப்புலிவனத்து ஏகாம்பரமும் அவர் மனைவி சரோஜாவும். அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். நாலு ஏக்கர், இரண்டு கறவை மாடு. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நவரைப் பட்டத்து நெல்லை விற்ற கையோடு பைக்குக்கு பெட்ரோல் அடிக்கப் போன இடத்தில் கூப்பன் எழுதிப் போட்டிருந்தார்.

ஒரு மணி நேரம் ஏகாம்பரம் எதற்கும் அசையவில்லை. தீம் பார்க் படத்தைக் காட்டினேன், இந்த வயசில் ராட்டினம் சுத்தவா என்று சிரித்தார். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத சரோஜா அக்கா கேட்டார்.

"ஏழு நாளும் சோறு யாரும்மா ஆக்குவாங்க?"

"ரெஸ்டாரண்ட் கீதுக்கா. நீங்க கரண்டிய தொடவே வாணாம்."

அக்கா கணவரைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில், பிரசவத்துக்குப் படுத்ததைத் தவிர அடுப்பு பற்றவைக்காத நாள் இல்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஏகாம்பரம் விலைத்தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"எழுதும்மா" என்றார்.

சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது அது இல்லை.

வருடத்தை மூன்று சீசனாகப் பிரித்திருந்தோம். ரெட் என்றால் சித்திரை, வைகாசி, பொங்கல் லீவு. விலை அதிகம். ஒயிட் நடுத்தரம். புளூ என்றால் மழைக்காலம், விலை குறைவு. அந்த மாதம் புளூ தேங்கிக் கிடந்ததால், புளூ விற்றால் இன்சென்டிவ் ஒன்றரை மடங்கு என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஏகாம்பரத்தின் கைக்கும் புளூதான் எட்டியது. நான் எழுதிய வாரம் ஐப்பசியில் விழுந்தது.

என் அப்பாவும் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர்தான். ஐப்பசி என்றால் எங்கள் பக்கம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சம்பா நடவு முடிந்தும் முடியாமலும் இருக்கும். களை, உரம், மழை கொட்டினால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். அந்த மாதத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்கே காலையில் போய் மாலையில் திரும்பி வருகிற ஜனம் நாங்கள். மெட்ராஸ்காரரான பிரேம் சாருக்கு இது தெரியாது. தேதி கவனிக்காமல் கையெழுத்துப் போட்ட ஏகாம்பரத்துக்கு, தாளில் 'வீக் 43' என்று நம்பர்தான் தெரிந்தது. அந்த ஹாலில் இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஊசியை அக்கா கையிலேயே கொடுத்துக் குத்தச் சொன்னோம். சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எட்டாவது நாள்

இந்தத் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. கையெழுத்துப் போட்டதிலிருந்து பத்து நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் முழுப்பணமும் திருப்பித் தர வேண்டும். பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். பதினோராவது நாள் ஆகிவிட்டால் ஒரு ரூபாய் வராது. அதனால் பத்து நாள் முடியும்வரை மெம்பரைத் தாங்கு தாங்கென்று தாங்குவோம். பிறந்தநாள் கேட்போம், ஸ்வீட் பாக்ஸ் அனுப்புவோம்.

எட்டாவது நாள் ஏகாம்பரம் போன் செய்தார். மாப்பிள்ளை தாளைப் பார்த்துவிட்டு நாற்பத்து மூன்றாவது வாரம் என்றால் ஐப்பசி என்று சொன்னாராம். "அப்ப நான் எப்பிடிம்மா வர முடியும்? சித்திரைக்கு மாத்திக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது என்று எனக்குத் தெரியும். ரெட்டுக்கு மாற்ற இன்னொரு மடங்கு பணம் கட்ட வேண்டும். முடியாது அண்ணா, இரண்டு நாளுக்குள் ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்கள், பணம் வந்துவிடும் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம் எனக்கு அது மூன்றாவது சேல். போனால் டார்கெட் போச்சு, வாங்கிய இன்சென்டிவையும் பிடித்துக்கொள்வார்கள்.

"நான் பேசி மாத்தித் தரேங்ணா. நீங்க கவலப்படாதீங்க."

"நம்மூருப் பொண்ணு நீ கீற, எனக்கு இன்னா கவல" என்று போனை வைத்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். எனக்குப் பத்து நாள் தாங்கினால் போதுமாக இருந்தது. தாங்கிவிட்டது.

கருவாடு

மூன்று வருடம் அவர்கள் வரவில்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் என்று வருடாவருடம் கட்ட வேண்டும். ஏகாம்பரம் தவறாமல் கட்டினார். கட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வரும். மாற்றுகிறேன் என்பேன். பிறகு அவர் நம்பரைப் பார்த்தால் எடுக்காமல் விடவும் பழகிக்கொண்டேன்.

நான்காவது வருடம் என்னை ரிசெப்ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு ஐப்பசி நாள், இருபத்திரண்டாம் நம்பர் காட்டேஜில் கருவாடு நாறுகிறது, போய் நிறுத்தச் சொல்லுங்கள் என்று பக்கத்து காட்டேஜ்காரர்கள் புகார் செய்தார்கள். போனேன். கதவைத் திறந்தது சரோஜா அக்கா, கையில் கரண்டியோடு.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. ஏரியில் தண்ணீர் இல்லை, நடவு இல்லை. "சும்மா தானே கீறோம், பணம் கட்னது வீணாப் போவுதேன்னு இட்டாந்துட்டாரு" என்றார். விளைச்சல் இல்லாத வருடத்தில் ரெஸ்டாரண்ட் விலைக்கு எங்கே போவது? ஸ்டவ், அரிசி, புளி, கருவாடு எல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார். சீசன் இல்லாததால் பார்க்கில் பாதி ராட்டினம் துணி போட்டு மூடிக் கிடந்தது. ஏகாம்பரம் அதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்.

புகாரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. எட்டாவது நாள் போனைப் பற்றி, பத்து நாள் விதியைப் பற்றி, தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன் என்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

அக்கா அடுப்பை அணைத்தார்.

"தெரியும்மா. மாப்ள அப்பறமா முழுசா படிச்சிட்டுச் சொல்லிச்சி. அவராண்டதான் நாங்க சொல்லல. நீயும் சொல்லாத. இத்தினி வருசத்துல எனக்காவன்னு அவரா பண்ணது இது ஒன்னுதான். அது ஏமாந்த கதன்னு தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சி பூடுவாரு."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அதோடு மனசாட்சி உறுத்தி வேலையை விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். கம்பெனி கைமாறிப் பழைய ஆட்களை அனுப்பியபோதுதான் வெளியே வந்தேன்.

வாங்கலாமா?

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். கூட அவர் தம்பி. தம்பி கையில் பளபளவென்று ஒரு நோட்டீஸ். புதிதாக வருகிற தீம் பார்க், பக்கத்திலேயே காட்டேஜ், வருடத்தில் ஒரு வாரம்.

"இவன் வாங்கலாமா வாணாமான்னு கேக்கறான். உனக்குத்தான் இந்த லைன் தெரியும். நீ சொன்னா சரி" என்றார் ஏகாம்பரம்.

தம்பி பையில் அட்வான்ஸ் பணம் இருந்தது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். ஆனாலும் சொன்னேன். உங்களுக்கு வேலை இல்லாத மாதத்தைத் தருகிறார்களா பாருங்கள். சாப்பாடு சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். வருடாவருடம் கட்டுவதைக் கூட்டிப் பாருங்கள், அந்தக் காசில் நினைத்தபோது நினைத்த ஊருக்குப் போய் நல்ல ரூமில் தங்கலாம். இந்த விலைக்கு இது வேண்டாம். அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

"பத்து நாளுன்றது எங்களுக்கும் இருந்துதா?"

"இருந்துதுங்ணா."

"நான் போன் பண்ணேனே, அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா."

ஏகாம்பரம் தம்பி கையிலிருந்து நோட்டீஸை வாங்கினார். மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். தம்பி வாங்கவில்லை. ஒரு குடும்பம் தப்பித்தது.

இரண்டு நாள் கழித்து சரோஜா அக்கா போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். அப்படிப் பேசியிருந்தால் தேவலை.

"சொல்லிட்டியாம்மா. சரி வுடு, தம்பியாவது பொழச்சான். எனக்கும் முன்னமே தெரியும்னு நானே வாய் தவறிச் சொல்லிட்டேன். எம்மேலதான் இவருக்குக் கோவம், தெரிஞ்சும் மூடி வச்சேன்னு. இந்தத் தைக்கு வேளாங்கண்ணி இட்டும் போறேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கு எது செஞ்சாலும் ஏமாந்துதான் செய்யறேன், இனிமே எங்கியும் வாணான்றாரு."

விற்கிற வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாங்கியவர் திரும்ப போன் செய்கிற அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்திருந்தால் கம்பெனிக்கு ஒரு சேல் போயிருக்கும், எனக்கு ஒரு மாத இன்சென்டிவ் போயிருக்கும். பிறகு சொன்னதில், மனைவியை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு மனிதருக்கு இருந்த ஆசை போய்விட்டது.