தொண்ணூறு கிலோ உதிரிபாகம்

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய என் மாமனார், ஓய்வு பெற்ற மறுவாரமே மாமியாரோடு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். வந்தவருக்கு வேலைதான் எதுவும் இல்லை. காய் நறுக்க உட்கார்ந்தால் மாமியார் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். துணி மடித்தால் என் மனைவி பிரித்து மறுபடி மடிப்பாள். எல்லாரும் அன்பாகத்தான் அவரை ஓரங்கட்டினோம். "நான் இங்க சும்மா பயணிதான்" என்பார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அந்த நேரம் பார்த்து என் சப்வூஃபர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கூடத்து மூலையில் முக்காலி உயரத்துக்கு நிற்கும் கறுப்புப் பெட்டி. பாட்டில் வருகிற 'திம் திம்' எல்லாம் அதன் பொறுப்பு. திடீரென்று ஊமையாகும், பாட்டு சளி பிடித்த குரலில் முனகும். கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் வந்துவிடும். நான் விடுகிற ஆளா? ஒயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், பெட்டியை மூலைக்கு மூலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நோட்டுப் போட்டு நேரம் குறித்தேன். கடைசியில் மெக்கானிக் வந்தார். அவர் இருந்த அரைமணி நேரமும் பெட்டி சமர்த்தாக முழங்கியது. ஒன்றுமே இல்லையே என்று சொல்லி, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அவரை வழியனுப்ப மாமா எழுந்தார். பெட்டி அடங்கியது. மாமா அதுவரை உட்கார்ந்திருந்தது பெட்டியின் மேல். பெரியவரை எழுப்பக் கூசி, மெக்கானிக் தரையில் படுத்தே பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார்.

எழச் சொன்னேன், உட்காரச் சொன்னேன், மறுபடி எழச் சொன்னேன். உட்கார்ந்தால் திம், எழுந்தால் கம். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. மாமா வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்: அந்த அதிர்வு அப்படியே பஸ் சீட்டாம், அதனால் அவ்வப்போது வந்து உட்கார்வாராம்.

அன்றிலிருந்து மாமா இல்லாமல் வீட்டில் பாட்டு ஓடவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லி மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். மாமா தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்வார். பெண்கள் இருவரும் ஆடுவார்கள். நானும் ஆடினேன், அந்தக் கதை வேண்டாம்.

ஆனால் என் பாழாய்ப்போன கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடைக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஒயர் பற்றவைப்பு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. மேலே பாரம் இருந்தால் தொடும், இல்லாவிட்டால் விலகும். ஐந்தே நிமிடத்தில் பற்றவைத்தேன். மாமாவை இனி யார் கூப்பிடுவார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ரிமோட்டில் பேஸுக்கென்று, அதாவது அந்தத் 'திம் திம்'முக்கென்று, தனிப் பட்டன் உண்டு. மாமா எழுந்தால் குறைப்பேன், உட்கார்ந்தால் ஏற்றுவேன். ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இரண்டு மாதம் இதே பிழைப்பு.

நேற்று சாயங்காலம் என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். கூடமே குதித்துக்கொண்டிருந்தது. மாமா தண்ணீர் குடிக்க எழுந்தார். பட்டனை அழுத்தினேன். குறையவில்லை. விரல் வலிக்க அழுத்தினேன். ஆளில்லாத பெட்டி ஜோராக முழங்கிக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் இருந்த யாரும் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார். சட்டென்று திரும்ப உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் அழைத்துக் காதோடு சொன்னார்:

"பேட்டரி தீந்துபோச்சு போல, மாப்ள. நான் எந்திரிக்க மாட்டேன், நீங்க நிதானமா மாத்திட்டு வாங்க."