நிலாவில் எந்த நாள் அமாவாசை

என் அக்காவின் கணவர் நிலாவைப் பற்றிக் கதை எழுதினார். மலாக்காவில், காஜா பெராங்கில், தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில் இருந்துகொண்டு. நாடு மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, தயாராகிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஏறப்போகும் கொடியைப் பார்த்தார்கள். அத்தான் கொடிமரத்துக்கு மேலே பார்த்தார்.

பிழைப்புக்கு அவர் டவுனில் ஒரு படக்கொட்டகையில் ஆப்பரேட்டர். மேலே சின்ன அறை, இரண்டு மிஷின், வேர்வை. ஒரு மிஷினில் ரீல் ஓடும்போதே மற்றதில் அடுத்த ரீலை மாட்டிவைத்துவிட்டால் மிச்சமிருக்கும் நேரம் அவருடையது. அந்த நேரத்தில்தான் எழுதினார். நடுவில் எழுந்துபோய் விளக்கின் கரிக்குச்சியை நகர்த்திவிட்டு வருவார், மறுபடி எழுதுவார். ரீல் முடியும் தறுவாயில், மிஷினை மாற்றச் சொல்லி, திரையின் மூலையில் ஒரு பொட்டு மின்னும். பேனாவுக்கு மூடி விழும். ஆகவே அவருடைய அத்தியாயங்கள் எல்லாம் ஒரு ரீல் நீளம். ராக்கெட் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும், அடுத்த ரீலில் கிளம்பும். நான் அப்போது கவிதை எழுதித் திரிந்த இளவட்டம். மழை வேண்டும், மனம் வேண்டும், ஜன்னல் வேண்டும் எனக்கு. அவருக்குப் பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி போதும். அப்படி எழுத ஒருவரால் முடியும் என்பதே எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

பத்திரிகைகள் கதைகளைத் திருப்பின. தோட்டத்து மக்களைப் பற்றி எழுதலாமே என்று ஒருவர் அன்பாகவே எழுதியிருந்தார்.

"நான் யாரப் பத்தி மாப்ள எழுதியிருக்கேன்? நெலாவுல கித்தா மரம், ரப்பரு நடப் போன நம்ம ஆளுங்களத்தானே?" என்றார் அத்தான், மீசைக்குள் சிரித்துக்கொண்டு.

யாரும் போடாவிட்டால் நானே போடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். டவுனில் அச்சகம் வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அச்சடித்துத் தருவார்; மடிப்பதும் தைப்பதும் எங்கள் வீட்டுத் திக்கார் பாயில். இந்த முறை நாவல். நிலாவுக்குக் கூலிக்குப் போன ஒரு கப்பல் சனத்தின் கதை. மெர்டேக்கா நாளன்று கடற்கரைத் திடலான பாடாங்கில் கூட்டம் திரளும், அங்கே ஒரு மேசை போட்டு விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மேசை கேட்டு வைத்தாயிற்று. கொட்டகையின் சீன முதலாளி தவ்கேயிடம் ஒரு நாள் லீவும் வாங்கியாயிற்று. அத்தான் எதற்கும் லீவு கேட்டு நான் பார்த்ததில்லை, தன் கல்யாணத்தைத் தவிர.

அத்தானிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அரிசி வாங்கப் போனவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு வருவார். அவர் கதையில் வரும் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள், அது என் அக்காவின் குரல். அக்காவோ அவர் கதை ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை.

"இருக்கிற எடத்த வுட்டுட்டுப் போறவங்க கத எனக்கு எதுக்குங்க? எங்கப்பா போனதே போதும்" என்பாள்.

எங்கள் அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. எந்த நாள், எந்த முகாம் என்று சொல்லவும் ஆள் வரவில்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் திதி என்று யாரோ சொல்ல, அன்றுமுதல் மாதாமாதம் நான் கிளேபாங் கடலில் எள்ளும் தண்ணீரும் விட்டு வருவேன், அக்கா இலை போடுவாள். நாவலின் கடைசிப் பகுதியில் அத்தான் அந்த இலையைத்தான் நிலாவில் விரித்திருந்தார். அப்பனைத் தொலைத்த ஒரு மகள் அங்கே அமாவாசைக்குப் படையல் வைக்கிறாள். இந்த ஒரு அத்தியாயத்தையாவது அக்கா படிப்பாள் என்று அவருக்கு நப்பாசை. அவளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

மெர்டேக்காவுக்கு முந்தின ஞாயிறு அமாவாசை. படையல் முடிந்து சாப்பிட்டுவிட்டு, அச்சாகி வந்த தாள்களை மடிக்க உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு அம்மாவும் வேலியைத் தாண்டி வந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம். சாமி எங்கள் சாமி, பேச்சு மலாய். ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது, ஆனால் கரண்டி முதுகால் அவர் இழுத்து மடித்தால் தாள் கத்தியாக நிற்கும்.

கடைசித் தாளை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. படித்தாள். அத்தான் ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவளையே பார்த்தார்.

"என்னாங்க."

"ம்?"

"இந்தப் பொண்ணு நெலாவுலதானே நிக்கிது?"

"ஆமா."

"அப்ப 'நிலவு தேய்ந்து மறைந்த வானத்தை அண்ணாந்து பார்த்தாள்'னு போட்டிருக்கீங்க. கால் வச்சு நிக்கிறதே நெலா மேல. அண்ணாந்து எந்த நெலாவத் தேடுறா?"

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா என்னவென்று கேட்க, அக்கா மலாயில் சொல்ல, அவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அத்தான் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமாக அமாவாசை இலையில் சாப்பிட்ட மனிதர்! நிலாவுக்கே ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டும், அமாவாசையை மட்டும் காஜா பெராங்கிலிருந்தே பார்த்திருக்கிறார்.

"யாருங்க அத்தான் கவனிக்கப் போறாங்க?" என்றேன்.

"ஒங்கக்கா கவனிச்சிட்டாளே" என்றார்.

அக்கா விளையாட்டை விட்டிருந்தாள். "சிரிக்கிறதுக்குக் கேக்கல. அங்க போயிட்டா எங்கப்பாவுக்கு என்னைக்கி எல போடுறது? நாளே கெடையாதா?"

மத்தியானக் காட்சிக்கு அவரோடு நானும் போனேன். அறையில் அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு காலி ரீல் டப்பாவின் மூடியை எடுத்து, மிஷின் விளக்கிலிருந்து கசிந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது நெலா. வெளக்கு சூரியன். நீ பூமி. நடுவுல வா, கொஞ்சம் குனி. மூடி எப்படித் தெரியிது?"

"பளபளன்னு இருக்கு."

"பௌர்ணமி. இப்ப மூடி எடத்துலேருந்து நான் ஒன்னயப் பாக்குறேன். அங்க வானத்துல தேயிறதும் வளர்றதும் பூமிதானே. வெளிச்சம் ஒன் முதுகுல. ஒன் மூஞ்சி இருட்டு." அவர் குரல் ஏறியது. "மாப்ள, நமக்கு என்னைக்கி முழு நெலாவோ, அன்னைக்கி அவங்களுக்குப் பூமியே தெரியாது! நம்ம பௌர்ணமிதான் அவங்க அமாவாசை!"

கீழே விசில் பறந்தது. திரை வெள்ளையாக நின்றது. நாங்கள் நிலாவும் பூமியுமாக நின்றதில் பொட்டு வந்துபோனதைப் பார்க்கவில்லை. தவ்கே படியேறி வந்து ஹொக்கியன் சீனத்தில் திட்டித் தீர்த்தார். அத்தான் அடுத்த மிஷினை ஓட்டிவிட்டு, திட்டு முடியும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அச்சகத்தில் பெரியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எளுத்தெல்லாம் பிரிச்சுப் போட்டாச்சு தம்பி. மறுபடி கோக்கணும். இப்பக் கொடி, தோரணம், அளைப்புன்னு மூச்சு விட நேரமில்ல. மெர்டேக்கா களிச்சுத்தான். ஏன், நெலாவுலேருந்து யாராச்சும் புகார் குடுத்தாங்களா?"

"எங்க வீட்டுலேருந்து, பாய்."

"அப்பச் சரி. அதுக்கு அப்பீல் கெடையாது."

அன்று மாலை அத்தான் அக்காவிடம் வந்தார். பாதி மடித்த தாள்கள் நடுவில் கிடந்தன. பழைய தாளோடு போனால் பாடாங் உண்டு. புதுத் தாளுக்குக் காத்திருந்தால் இல்லை. அவ்வளவு கூட்டம் இந்த ஊரில் இனி என்றைக்குக் கூடும்? அவர் பௌர்ணமிக் கணக்கைச் சொன்னார். அக்கா முழுதும் கேட்டாள். விரலை மடித்து அவளும் ஒருமுறை எண்ணிப்பார்த்தாள்.

"அப்ப அங்கயும் ஒரு நாள் இருக்கு."

"இருக்கு."

"அத எழுதுங்க."

"பாடாங்குக்குப் புஸ்தகம் வராதும்மா."

"நான் வரச் சொல்லல. எழுதுங்கன்னேன்" என்றாள். அவர் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் அடுப்படி வாசலில் நின்றபடியே படித்து முடித்தாள். சோறு போடும்போது அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

மெர்டேக்கா நாளன்று பாடாங்கில் தலைகள் கடலாக இருந்தன. எங்களுக்குக் கேட்டு வைத்த மேசையில் ஒருவர் ஐஸ் தண்ணீர் விற்றார். அத்தான் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். முழக்கம் எழும்போதெல்லாம் கையை உயர்த்தி அவரும் முழங்கினார், தொண்டை கட்டும்வரை. வருத்தம் இருந்ததா? இருந்திருக்கும். மேசையைத் தாண்டும்போது அதன் விளிம்பை விரலால் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நான் கண்டது. அந்த விரலைப் பற்றி எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். வரிகள் அதற்கு எட்டுவதில்லை.

சில வாரங்களில் ரஷ்யாக்காரன் வானத்தில் ஒரு உருண்டையைச் சுற்றவிட்டான். அதுவரை சிரித்தவர்கள் அத்தானை நிறுத்தி நிலாவுக்கு வழி கேட்டார்கள். கொஞ்சம் புத்தகம் விற்றுப்போனது, மிச்சம் எங்கள் பரணில் தங்கியது. ஆனால் என் கணக்கில் அந்த நாவல் வெளிவந்த நாள் அதற்கும் முன்னால்.

மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த பௌர்ணமி. புதுத் தாள் முந்தின நாள்தான் வந்திருந்தது, முதல் பிரதியை அத்தான் அன்று மத்தியானம் தைத்து முடித்தார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் அக்கா இலை போட்டிருந்தாள். சோறு, அவரைக்காய், வடை, ஒரு தம்ளர் தண்ணீர். தென்னைகளுக்குப் பின்னால் நிலா பெரிதாக, மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் வாசல்படியில் நின்றார், உள்ளே வரத் தெரியாதவர்போல.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செட்டி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். இலையைப் பார்த்தார், நிலாவைப் பார்த்தார். இன்றைக்கா அமாவாசை என்று மலாயில் கேட்டார்.

"சினி புக்கான், கக்" என்றாள் அக்கா. இங்கே இல்லை அக்கா. பிறகு கரண்டியால் மேலே காட்டினாள். "சானா." அங்கே.

அந்த அம்மாவும் தன் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிறவர்தான். உள்ளே போய், ஒரு தட்டில் புலுட் என்கிற ஒட்டரிசிச் சோறு கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினார், அந்த இலையில் வைக்கச் சொல்லி.