எலுமிச்சம்பழக் கொக்கி

அக்கா கணவரும் நானும் மலேசியாவின் லுமுட் படகுத்துறையில் ஒரு பழைய சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறோம். மழை பெய்தால் உள்ளே படுக்கை நனைந்துவிடும். சொட்டுவது சன்னலோரம் என்பதால் ஆறு மாதமாக அங்கேயே சிலிகானை அப்பிக்கொண்டிருந்தார் மச்சான். சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று இவருக்கு யார் சொன்னது? போன வாரம் கடுப்பாகி, உள்கூரை முழுக்க முகப்பவுடரைப் பூசிவிட்டு, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். பவுடரில் விழுந்த ஈரக்கோடு சன்னலிலிருந்து முன்பக்கம் வரை போய், ஒரு திருகாணியில் முடிந்தது. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட, மச்சானே மேல்தளத்தைத் துளைத்து முடுக்கிய கொக்கியின் முனை அது! கழற்றப் போனேன். பதறி ஓடிவந்தார்.

“விடுலா, கண்ணு பட்டுரும்!”

“படுக்கையில தண்ணி நிக்கிற படகு மேல எவன் மச்சான் கண்ணு வைப்பான்?”