நான் வெல்டிங் அடித்த முயல் கூண்டு

போன வருடம், மழைக்காலம் தொடங்கிய நேரம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. டிப்ளமோ படித்த கை சும்மா இருக்குமா? தங்கை ஆசையாக வளர்த்த வெள்ளை முயலுக்கு நானே வெல்டிங் அடித்து ஒரு கூண்டு செய்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கம்பி வலை. புழுக்கை எல்லாம் கீழே தட்டில் விழுந்துவிடும், பெருக்கவே வேண்டாம். தொழிற்சாலையில் நாங்கள் நடக்கிற தளமும் அப்படித்தான், இரும்புக் கம்பிகளால் ஆனது. அந்த யோசனையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட பெருமையில் கூண்டைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். "அண்ணா, அது கால மாத்தி மாத்தித் தூக்கினு நிக்குது. குதிக்கவே மாட்டேங்குது" என்றாள் தங்கை.

"துன்னு துன்னு கொழுப்பு ஏறிப்போச்சு, வேற இன்னா?" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிட்டேன்.

நாலு நாள் கழித்து, கொத்தமல்லித் தழையை நீட்டியும் அது மூலையை விட்டு நகரவில்லை. தூக்கித் திருப்பிப் பார்த்தேன். பின்னங்கால் இரண்டிலும் அடிப்பக்க முடி கொட்டி, தோல் சிவந்திருந்தது. ஒரு காலில் புண் வெடித்திருந்தது. கம்பியில் ரத்தம்.

அட்டைப்பெட்டியில் வைத்து மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "நாய், பூனைக்கு இருக்கிற மாதிரி இதுக்குப் பாதத்துல மெத்தை கிடையாது தம்பி. முடிதான் இதுக்குச் செருப்பு. புண்ணு எலும்பு வரைக்கும் போயிட்டா காப்பாத்துறது கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. எதன் மேல் வைத்திருக்கிறோம் என்று கேட்டார். போனில் இருந்த அதே படத்தைக் காட்டினேன்.

"வெல்டிங் நல்லாத்தான் இருக்கு. வெறுங்காலோட ஒரு நாள் நீ நிப்பியா இதுல?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "இவரா மேடம்? மெஷின் முன்னாடி நின்னா கால் வலிக்குதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சண்ட போட்டு ரப்பர் மேட்டு வாங்கினவரு. அதுவும் ஷூ போட்டுக்கினு!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காலுக்கடியில் போட அந்த ரப்பர் விரிப்பைக் கேட்டு வாங்கிய அதே வாரத்தில்தான் கூண்டையும் செய்திருந்தேன்.

அன்றைக்கே வலையின் மேல் பலகை போட்டு, காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினேன். நீண்டு வளர்ந்திருந்த அதன் நகத்தை டாக்டரம்மாவே வெட்டிவிட்டிருந்தார். புண்ணைக் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, அவர் கொடுத்த மருந்தைத் தடவுவது தங்கையின் வேலை. "நீ மேல கைய வெக்காத" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஈரமான வைக்கோலைக் காலையும் மாலையும் மாற்றுவது மட்டும் எனக்கு. புண் ஆறியும் முடி முளைக்க ரொம்ப நாள் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையே முயலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கால பாரு." சிவப்பு தெரியாமல் பஞ்சு மாதிரி புதுமுடி.

இப்போதும் ஞாயிறு தவறாமல் அந்தக் கால்களைத் திருப்பிப் பார்க்கிறேன். புதிதாக எதைச் செய்து முடித்தாலும், படம் பிடிக்கப் போனை எடுக்கும் முன், இதன் மேல் நிற்கப்போவது யாருடைய கால் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.