சீனி கேட்டு வந்தவர்கள்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் எங்கள் லயத்துப் பெண்கள் பதினொரு பேர், டவுனிலிருந்து வந்த ஒரு பொலிஸ் அலுவலர், பிறகு நான். வராதவர்கள், என்னைத் தவிர லயத்து ஆண்கள் எல்லோரும். இரண்டு வருடங்களுக்கு முன்பு, டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்துதான் அந்தக் கூட்டம் நடந்தது.

அதற்கு முந்தைய வாரம் எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒருவர் மனைவியை அடித்ததில் அந்த அக்காவின் கை முறிந்துவிட்டது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், இருமினாலே கேட்கும். அன்றைக்கு எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் போகவில்லை.

அலுவலர் சிங்களத்தில் பேசினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான் என்பதால், மொழிபெயர்ப்பதும் குறிப்பு எழுதுவதும் என் வேலை. சத்தம் கேட்டும் ஏன் யாரும் போகவில்லை என்று அவர் கேட்டதைச் சொன்னேன்.

"போயி என்னான்னுங்க கேக்குறது?" என்றார் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. "ஏன் அடிக்கிறன்னு கேட்டா, ஒனக்கென்னம்பான். நாங்க திரும்புனதும் அவளுக்குத்தான் ரெண்டு கூட விழும்."

பிறகு அதே அக்கா, "இனிமே சத்தம் கேட்டா சீனி கேட்டுப் போவோம்" என்றார். "கோப்பைய எடுத்துக்கிட்டு வாசல்ல போயி நிப்போம். சீனி கேக்க வந்தவள எவன் என்ன சொல்லிருவான்? ஒருத்தி பின்னாடி ஒருத்தியா போவோம்."

"எங்க வீட்டுக்கு வராதீங்கடி, உப்புத்தான் இருக்கு" என்று இன்னொருவர் சொல்ல, நாற்காலிகள் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்ததும் அலுவலரும் சிரித்தார். பொலிஸ் தொலைபேசி இலக்கத்தைப் பலகையில் எழுதி மாட்டுவது, புகார் எழுதிப் போட ஒரு முறைப்பாட்டுப் பெட்டி, பாதைக்கு விளக்கு என்று அன்று முடிவான எல்லாவற்றையும் குறிப்பில் எழுதினேன். சீனியை எழுதவில்லை. வேடிக்கைப் பேச்சையெல்லாம் எழுதுவார்களா என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவும் அப்பாவும் கொத்மலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் தங்கையும் மட்டும். அவளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று, "நான் இனிப் படிக்கல. கொழும்புக்கு வேலைக்குப் போறேன்" என்றாள்.

கத்தினேன். அவள் பதில் பேசாமல் பையில் துணிகளை அடுக்கினாள். அதுதான் என் கோபத்தை இன்னும் ஏற்றியது. பையைப் பறித்து வீசினேன். கையைப் பிடித்து இழுத்து, அவளை அடிக்க என் கையை ஓங்கினேன்.

அந்த நேரத்தில் கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா நின்றார். "தம்பி, ஒரு கோப்ப சீனி இருந்தா குடு."

எரிச்சலோடு சீனிப் போத்தலை எடுத்துக் கொட்டினேன். அவர் நகரவில்லை. பின்னாலேயே இன்னொருவர் கோப்பையோடு வந்தார். அவருக்கும் கொடுத்தேன். மூன்றாவதாக வந்தவர் கையில் ஒரு சோற்றுச் சட்டி.

"என்னக்கா, சட்டியோட?"

"அவசரத்துல கைக்கு இதுதான் ஆம்புட்டுச்சு தம்பி. சத்தம் அந்த மாதிரியில்ல இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீனிப் போத்தலைக் கீழே வைத்தேன். மூவரில் ஒருவர்கூட என்னை ஏசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "வா புள்ள, எங்க வீட்டுல பிளேன்டீ குடிக்கலாம்" என்று தங்கையைக் கூட்டிப் போனார். சட்டியோடு வந்தவர் மட்டும் வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அழுகை வந்தா அழுதுரு தம்பி. நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அழுதேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தங்கை திரும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். நான் வீசிய பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பாடம் சுத்தமா விளங்கலண்ணே. நீங்க கத்துவீங்கன்னுதான் சொல்லல" என்றாள். அன்றைக்கு நான் அடிக்கவில்லைதான். ஆனால் எவ்வளவோ நாளாக அவள் எனக்குப் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

அடுத்த கூட்டத்தில் அலுவலர், ஏதாவது நடந்ததா என்று விசாரித்தார். "ஒரே ஒரு வீட்டுக்குச் சீனி கேட்டுப் போனோங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. யார் வீடு என்று அலுவலர் கேட்டதை நானே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. பதினொரு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருவர் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார். "எங்கள் வீடு" என்று நான்தான் சிங்களத்தில் சொன்னேன்.

தங்கை இப்போதும் படிக்கிறாள். இரண்டாவது தடவை எழுதப் போகிறாள். விளங்காததை என்னிடம் கேட்கிறாள், எனக்கும் விளங்காவிட்டால் சிரிக்கிறாள். அன்று போன சீனியை யாரும் திருப்பித் தரவில்லை. மறுநாள் நான் கடையில் ஒரு கிலோ வாங்கி வைத்தேன். ஓர் அடி விழாமல் போனதற்கும், ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போகாமல் இருந்ததற்கும் எங்களுக்கு ஆன செலவு, இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும், இருநூற்று நாற்பது ரூபாய்தான்.